விதவையின் வழக்கு

"மெதுவாக வாசியுங்கள். ஒவ்வொரு சொல்லாக," என்றார் கிழவர்.

மேசையில் ஆயிரத்து நூறு வருடம் பழைய தோல் பட்டயம். போன வருடம் ஒரு தேவாலயச் சுவருக்குள் இருந்து எடுத்தது. அவருக்கு லத்தீன் ஒரு எழுத்தும் தெரியாது. ஸ்டுட்கார்ட் ஆவணக் காப்பகத்தில் அதை முழுக்க வாசித்தவள் நான் ஒருத்திதான்.

அவர் பெயர் கிராஃப் ஃபொன் லோரன்எக்; கிராஃப் என்பது பிரபுப் பட்டம். ஞாயிற்றுக்கிழமை எண்பதாவது பிறந்தநாள். தன் வம்சத்தின் முதல் கிராஃப் அடல்கரைப் பற்றி இந்தப் பட்டயம் சொல்வதை விருந்தில் எல்லோர் முன்னும் படிக்கப்போகிறாராம்.

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கு எப்படி மறக்கும்?

பதினெட்டு வருடத்துக்கு முன், 1988இல், அகதி விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரியாக இவர். இந்தப் பக்கம் அம்மா, பக்கத்தில் எட்டு வயது நான். அப்பாவை வீட்டு வாசலில் வைத்துச் சுட்ட கதையை அம்மா தொடங்கிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. இவர் மணிக்கூட்டைப் பார்த்தார். வழக்குக் கோப்பை மூடினார். சாப்பிடப் போனார்.

நம்பத்தக்கதல்ல என்று கடிதம் வந்தது. அம்மா என்னை இங்கேயே லலிதாச் சித்தியிடம் விட்டுவிட்டு ஊருக்கு விமானம் ஏறினார்.

"கிராஃப் எண்டா இங்க பெரிய பிரபுக்கள், பிள்ளை. எங்கட கதை அவைக்கு என்னத்துக்கு?" என்றார் சித்தி, கடிதத்தின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு.

கிராஃப் என்றால் யார் என்று தேடித்தான் வரலாறு படித்தேன். லத்தீன் படித்தேன். அறிவுத் தாகம் என்று பேராசிரியர்கள் மெச்சினார்கள். தாகமாவது மண்ணாவது. வன்மம்.

"அந்தக் காலத்தில் கிராஃப் என்பது வம்சப் பட்டம் இல்லை," என்றேன். "உத்தியோகம். அரசன் வைத்த ஆள். வரி வாங்கவேண்டும், நீதி சொல்லவேண்டும். விதவைகளின் வழக்கை முதலில் கேட்கவேண்டும், அதுவும் சாப்பிடாமல் இருந்து. சரியில்லை என்றால் அரசன் நீக்கிவிடுவான்."

இவ்வளவும் உண்மை. அவர் பொறுமையில்லாமல் தலையாட்டினார்.

பட்டயத்தைப் பார்த்து வாசித்தேன். அடல்கரிடம் ஒரு விதவை முறையிட வந்தாள். அவள் சொல்லி முடிக்கமுன் அவன் எழுந்து சாப்பிடப் போனான். அரசன் அவனைப் பதவியிலிருந்து நீக்கினான். அவன் பிள்ளைகளுக்கும் அது கிடையாது என்றான்.

கிழவரின் முகம் வெளிறிப்போனது. நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருந்தது.

அவர் பட்டயத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு கேட்டார்.

"அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று?"

"திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் கொன்றுவிட்டார்கள்."

கோட்டின் கைக்குள் கை நுழையாமல் கொஞ்சம் தடுமாறினார். நான் உதவவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை அவர் எதுவும் படிக்கமாட்டார்.

பட்டயத்தை உறையில் போட்டேன். அதில் எந்த விதவையும் இல்லை. அடல்கரைப்போல் ஏழைகளின் குறையைக் கடைசிவரை இருந்து கேட்ட நீதிமான் வேறு இல்லை என்று மெச்சி, அவன் பதவியை மகனுக்கும் அரசன் எழுதிக்கொடுத்த பட்டயம் அது.