சக்களத்திக்குப் போகும் மிசின்

“அந்த அருணகிரி நாசமாப் போவணும் பாய். அதுக்குத்தான் இந்த மிசினு!”

சாந்தம்மாள் சாக்கை உருவினாள். உள்ளே துருவேறிய பழைய கைமிசின். ஜமுனாமரத்தூர் சந்தையில் வாராவாரம் கடைபோட்டுத் தையல் மிசின் பழுது பார்க்கும் உஸ்மான், அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“உன் மிசினு நல்லாத்தானம்மா ஓடுது? இது யாருக்கு?”

“அவன் வூட்ல இப்ப இருக்காளே அம்சவல்லி, அவளுக்கு.”

உஸ்மானுக்குத் திக்கென்றது. புருஷன் அருணகிரி விறகுக்கட்டையால் அடித்து இவள் கையை உடைத்த கதை மலைக்கே தெரியும். போக்கிடம் இல்லாமல் ஏழு வருஷம் அவனிடம் உதைபட்டாள். தையல் பழகி, சொந்தமாக ஒரு மிசின் வாங்கிய அன்றைக்குத்தான் அந்த வாசற்படியை விட்டு இறங்கினாள். மகராசன் ஒரு மாசம்கூடப் பொறுக்காமல் அம்சவல்லியைக் கூட்டிவந்துவிட்டான்.

“இன்னாம்மா, தப்பான ஊசிய மாட்டி அந்தப் பொண்ணு கைய ஓட்டை போடச் சொல்றியா? அந்தப் பாவம் எனக்கு வாணாம்.”

“யாரு அப்டிச் சொன்னது? இதுக்குன்னு உள்ள ஊசியத்தான் போடணும். பல்சக்கரத்துக்கு மூடி போடுங்க. அவ வெரல்ல ஒரு கீறல் உழக்கூடாது.”

உஸ்மானுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பெட்டியைக் குடைந்து, அடிநூல் ஓட்டும் சட்டில்கள் மூன்றைப் பொருத்திப் பார்த்தார். எல்லாம் வேறு மிசினுடையவை, நூலைச் சிக்கவைத்தன. நான்காவதுதான் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. மண்ணெண்ணெயில் துருவைக் கழுவி, எண்ணெய் விட்டு, மூடியை முடுக்கிச் சக்கரத்தைச் சுற்றினார். தையல் மணிமணியாக விழுந்தது.

சாந்தம்மாள் துணியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பிரியவில்லை. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு என்று சொல்ல முடியாது.

“அவன் ஏர் ஓட்டப் போற நேரமாப் பாத்து, நானே போயி அவளுக்குத் தைக்கக் கத்துத் தரப்போறேன்.”

உஸ்மானுக்குப் பொறுக்கவில்லை. “அவனப் பழிவாங்கணும்ன்ற. சக்களத்திக்குச் சீர் செய்யற. இது இன்னா கணக்கும்மா?”

சாந்தம்மாள் மிசினைச் சாக்கில் வைத்து இறுக்கிக் கட்டினாள்.

“அவளும் என்னாட்டம் கெளம்பிட்டா, அவன் யார அடிப்பான் பாய்?”