விதை போடாத சுடர்

"பின்பக்கத்தை மட்டும் கொஞ்சம் உத்துப் பாருங்க மேடம்," என்றேன்.

கோளரங்கத்திலிருந்து வந்திருந்த அதிகாரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். எங்கள் கூடத்து மேசையில், ஒரு முழ நீளத்துக்கு, நான் செய்த விண்கலம்.

சன்னல் விளக்குகள் ஒவ்வொன்றாக விழித்தன. முதுகில் சிவப்பு விளக்கு மூச்சு விடுவதுபோல் மெல்ல ஏறி இறங்கியது. பிறகு பின்னாலிருந்த மூன்று குழாய்களிலும் ஆரஞ்சும் வெள்ளையுமாகச் சுடர் பிடித்தது.

கோளரங்கத்தின் புதிய கூடத்தில் ஆள் உயரக் கலம் ஒன்று வைக்கப்போகிறார்கள். அதன் விளக்குகளுக்கு நிரல் எழுத ஒருவர் வேண்டும். கைபேசி பழுதுபார்க்கும் கடையிலிருந்து நான் வெளியேற அந்த ஒரு வாசல்தான் தெரிந்தது.

"நிஜ நெருப்பு மாதிரி மேடம். ஒரு தடவை எரிஞ்ச மாதிரி மறு தடவை எரியாது."

கண்ணாடி முன்னால் பலமுறை சொல்லிப் பார்த்த வாக்கியம். குரல் நடுங்காமல் வந்துவிட்டது.

"எரியுமே."

அப்பா.

பொத்தானை மாற்றிப் போட்ட சட்டையோடு உள்ளறை வாசலில் நின்றிருந்தார். வெளியே வராதீர்கள் என்று காலையிலேயே கெஞ்சியிருந்தேன். "உத்தரவு மேடம்" என்று சல்யூட் அடித்தவர்தான். வீட்டில் நாங்கள் இருவர்தான். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு வாய் கூடிப்போயிற்று. இயற்பியல் படித்தவள் பொம்மைக்குப் பல்பு மாட்டுகிறாள் என்று மாடிவீட்டுக்காரரிடம்கூடச் சொல்லியாயிற்று.

"உங்களுக்கு இதுல என்னப்பா தெரியும்? உள்ள போங்க."

உரக்கச் சொல்லிவிட்டேன். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

அப்பா நகரவில்லை. "இப்ப இடது பக்கத்துக்காரன் செத்துப் பொழைப்பான், பாருங்க மேடம்."

இடது குழாய் முழுவதுமாக அணைந்தது. மறுபடி எரிந்தது.

"நடுவுல இருக்கிறவன் ரெண்டு தும்மல் போடுவான்."

நடுக்குழாய் இருமுறை வெள்ளையாகத் தெறித்தது.

கலத்தை அணைத்து மறுபடி போட்டேன். சன்னல், சிவப்பு விளக்கு, சுடர். அப்பா சொல்லச் சொல்ல, அதே சாவு, அதே பிழைப்பு, அதே இரண்டு தும்மல்.

காதுமடல் சுட்டது. எனக்குப் புரிந்துவிட்டது.

கலத்துக்குள் இருக்கும் சில்லுக்குத் தற்செயல் என்று ஒன்று கிடையாது. எண்களின் நீண்ட வரிசை ஒன்றை வைத்திருக்கும். அதில் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று நாம்தான் ஓர் எண் தர வேண்டும். அதற்கு விதை என்று பெயர். தராவிட்டால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தொடங்கி அதே வழியில் போகும். முதல் பாடத்திலேயே சொல்லித்தருவது. நிரலைத் திருத்தத் திருத்தச் சுடரும் மாறிக்கொண்டே இருந்ததால் எனக்குத் தெரியாமல் போயிற்று. முடித்த பிறகு நான் உட்கார்ந்து பார்க்கவே இல்லை.

"விதை போடலையாம்மா?" அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "விதைக்காமலே அறுக்கப் பார்த்திருக்கியே."

"நெருப்புக்கு ஏது மேடம் விதை?" என்றார் அப்பா.

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். நான் மேசையின் காலைப் பார்த்தேன்.

"ஒரு வரிதானே, இப்பவே போட்டுடு. மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு. திங்கக்கிழமை வந்து சேரு."

வேலை கிடைத்துவிட்டது. மடிக்கணினியைத் திறந்து அந்த வரியை அடிக்கத் தொடங்கினேன். போகட்டும், அப்பாவை மன்னித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

"எதுவரைக்கும் சார் தெரியும் உங்களுக்கு?" என்று அதிகாரி கேட்டது காதில் விழுந்தது.

"அது தூங்குற வரைக்கும்."

என் விரல்கள் நின்றன.

அரை மணி நேரம் ஆனால் ஒவ்வொரு குழாயாக, வலது குழாய் கடைசியாக, தானாக அணைந்துவிடும்படி எழுதியிருந்தேன். அரை மணி நேரச் சுடர் முழுவதும் மனப்பாடம். ஒருமுறை பார்த்து வருவதில்லை அது. நூறு முறை பார்த்தாலும் வராது. மின்கலம் ஏன் இப்படித் தீர்ந்துபோகிறது என்று போன வாரம்கூடத் திட்டிக்கொண்டே புதிது வாங்கி வந்தேன். பகல் முழுவதும் நான் கடையில்தான் இருக்கிறேன்.

"அடேயப்பா. பேச்சுத்துணைக்கு ஆளே இல்லையா சார் உங்களுக்கு?" அதிகாரி விளையாட்டாகத்தான் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். கேட்ட அதிகாரியை அல்ல, என்னை.

"நல்லா கேட்டீங்க போங்க. பூங்காவுல தினமும் மூணு பேரு எனக்காகக் காத்துக் கிடப்பாங்க. வேணும்னா இவளையே கேளுங்க. சாயங்காலம் வந்ததும் அவங்க கதைதான் ஓடும்."

ஓடும். நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டே ம் கொட்டுவேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மயங்கிச் சாய்ந்து, எல்லாரும் பதறுவதற்குள் எழுந்து உட்காரும் ஒருவர். எப்போதும் தும்மிக்கொண்டிருக்கும் ஒருவர். மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் மனசில்லாமல் கொஞ்ச நேரம் தனியாக இருந்துவிட்டுக் கிளம்பும் ஒருவர்.

"அப்படியாம்மா?" என்றார் அதிகாரி.

"ஆமா மேடம்," என்றேன். கண்கள் அந்த மூன்று குழாய்களை விட்டு நிமிரவில்லை.