வண்டின் பெயர்ச்சீட்டு

மண்ணில் திரியும் அந்தக் கறுப்பு வண்டைப் புதிய இனமென்று கண்டுபிடித்தபோது, மூச்சிளைப்பு நோயில் இறந்த மகளின் பெயரைத்தான் செங்கமலம் அதற்கு வைத்தாள். அதே வண்டுக்கு வேறொருவர் முன்பே பெயர் வைத்திருந்தது இப்போது தெரியவந்தது. அறிவியல் விதிப்படி முந்திய பெயர்தான் செல்லும்.

"உங்க பொண்ணு பேரு தாரிணிதானே மேடம்?" புதுப் பெயர்ச்சீட்டை நீட்டினார் மியூசியத்தில் உடன் வேலைபார்க்கும் சேவியர்.

"தரணி. தாரிணின்னா தாங்குறவ. தரணின்னா பூமி." சொல்லிச் சொல்லி அலுத்த பதில்.

"பழைய சீட்டைக் கழட்டிடவா?"

"மியூசியத்துல எதையும் கழட்டுறதில்ல. புதுசு அடியில போகும்."

வண்டைக் குத்தியிருந்த ஊசியில் புதுச் சீட்டைக் கீழிருந்து ஏற்றினாள். மகளின் பெயருக்குச் சற்றுக் கீழே விரல் நின்றுவிட்டது.

"இன்னும் நெருக்கித் தள்ளணும் மேடம்."

"போதும் சேவியர்," என்றாள். "அவளுக்கு மூச்சு முட்டும்."