அம்மா சொன்ன இரண்டு பதில்கள்

எழுதிப் பழகாத நான் எழுதத் துணிந்ததை வாசகர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஊர் ஊராகச் சென்று மருத்துவமனைகளின் ஸ்கேன் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் பணி. வலிப்பு நோயுள்ள அம்மாவைத் தனியே விட இயலாததால் என்னைச் சார்ந்தவர் என்று அனுமதி பெற்று அவரையும் உடன் அழைத்துச் செல்வேன். பயணச் செலவுக்கு நான் கோரிய வரிக்கழிவின் மீதும், அம்மா என்னைச் சார்ந்தவர்தானா என்பதன் மீதும் விசாரணை வந்தது. சார்ந்தவர் என்றால்தான் என் காப்பீட்டில் அவருக்கு மாத்திரை கிடைக்கும்.

வரித்துறையின் குரல் எங்கள் வீட்டுச் சுவரில் பதித்த திரையிலிருந்தே பேசியது.

"தென்காசிப் பயணம் எப்படிம்மா இருந்துச்சு?"

தென்காசியில் நான் கருவியைப் பழுதுபார்த்த நாள் முழுவதும் அம்மா மருத்துவமனை பெஞ்சில்தான் அமர்ந்திருந்தார். ஆனால் நலம் விசாரிப்பவரிடம் குறை சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"நல்லா சுத்திப் பாத்தோம் தம்பி."

"மகன்தான் உங்களைப் பாத்துக்கிறாரா?"

"நான் யாருக்கும் பாரமில்லப்பா. என் கஞ்சிய நானே காய்ச்சிக்குவேன். நீ காப்பி குடிக்கிறியா?"

நான் வாய் திறந்தேன். "சாட்சி பேசுறப்ப குறுக்கிடாதீங்க சார்" என்ற சுவர், தீர்ப்பை வாசித்துவிட்டு அணைந்தது.

"உன்னைய விட்டுக்கொடுக்காமப் பேசினேன்ல?" என்றார் அம்மா.

"ஆமாம்மா" என்றேன்.

பயணக் கழிவு போயிற்று. அம்மாவின் மாத்திரை போயிற்று. வேலைப் பயணத்தில் அவரை உடன் அழைத்துச் செல்லும் அனுமதியும் போயிற்று.