வளைக்குள் வந்த தண்ணீர்

அடுத்த போக உழவுக்காக வயலில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். வரப்போரத்து வளையில் குட்டி போட்டிருந்த எலிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நெற்கதிரைக் கவ்விக்கொண்டு வாசல்வரை போனது. வைக்கோல் மெத்தை நனைகிறதே என்று கதிரைப் போட்டுவிட்டுத் திரும்பியது. மெத்தையை இழுக்கும்போது பின்வாசலை அடைக்கவில்லை என்று ஞாபகம் வந்தது. ஓடியது. பாதி வழியில், எதற்கு ஓடுகிறோம் என்பதே மறந்துபோய் நின்றது.

அப்போது குட்டிகள் கீச்சிட்டன.

எலி ஒவ்வொன்றாகக் கவ்வி வரப்பின்மேல் சேர்த்தது. கடைசிக் குட்டியோடு வெளியே வரும்போது தண்ணீர் அதன் மீசையைத் தொட்டது.

வரப்பில் உட்கார்ந்திருந்த தவளை கேட்டது: "ஏன் எலியக்கா, அறுப்பு முழுக்கச் சேர்த்த நெல்லை அப்படியே விட்டுட்டீங்களே?"

"அது என்னைக் கூப்பிடலையே" என்றது எலி, ஈரக் குட்டியை நக்கியபடி.