ஏட்டய்யாவின் புல்லாங்குழல்

ஏட்டு தாவீது சைக்கிளை வாசற்படிக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "எடு வாத்தியாரே," என்று கையை நீட்டினார்.

பஞ்சாட்சரம் தறிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்தார். மாடத்தில் துணி சுற்றி வைத்திருந்ததை எடுத்து மெல்லப் பிரித்தார். உள்ளே இருந்தது புல்லாங்குழல்தான். ஏட்டுக்கு அது பாடம் படிக்கிற நேரம்.

பஞ்சாட்சரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர். பஜனைக் கோஷ்டியில் குழல் வாசிப்பவர். தலை நரைத்த ஏட்டுக்குத் திடீரென்று சங்கீத ஆசை வந்து, "ஈஸ்டருக்கு சர்ச்சுல ஒரு பாட்டு வாசிக்கணும், கத்துக்குடு" என்று கேட்டபோது, முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போலீஸ்காரரிடம் யார்தான் முடியாது என்பார்கள்?

அதுவும் வீட்டுக்குள் ஆள் ஒளிந்திருக்கும்போது.

ரயில் நிலையத்துப் பலகையில் இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்த மாணவர்களில் அவர் தம்பி இளங்கோவனும் ஒருவன். போலீஸ் தேடுகிறது என்று தெரிந்ததும் ஊருக்கு ஓடி வந்தவன், பகலெல்லாம் தறிக்குழிக்குள் குந்தியிருந்தான். நெய்கிறவர் கால் வைக்கிற குழியில் ஆள் இருந்தால் தறி எப்படி ஓடும்? பழைய பாயைப் போட்டுக் குழியை மூடி, தறியை நிறுத்தி வைத்திருந்தார் பஞ்சாட்சரம். தம்பி பிடிபட்டால் படிப்பு போச்சு, ஜெயில்தான்.

ஏட்டு அந்தப் பாயைப் பார்த்தார். "இன்னா வாத்தியாரே, இன்னிக்கும் தறி நிக்குது?"

"அமாவாசைங்க."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். அமாவாசையன்று நெசவாளி தறியைத் தொடமாட்டான் என்பது ஊருக்கே தெரியும். சொன்ன பிறகுதான், இரண்டு பக்கத்து வீட்டிலும் தறி தடதடவென்று ஓடுவது அவர் காதில் விழுந்தது.

ஏட்டு சம்மணம் போட்டு உட்கார்ந்து குழலை உதட்டில் வைத்தார். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, வெறும் காற்றுதான் வந்தது. எப்போதும் அப்படித்தான். எப்போதாவது ஒரு தடவை, சம்பந்தமே இல்லாமல், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கிறீச் வரும்.

"உதட்ட இறுக்காதீங்க ஏட்டய்யா. சுடுகாப்பிய ஆத்தற மாதிரி மெதுவா ஊதுங்க. வெரலு ஓட்டைய நல்லா மூடணும்."

"உன் தம்பி மெட்ராசுலதான படிக்கிறான்? இப்போ எங்க கீறான்?"

"சித்தூர்ல... மாமா வூட்டுக்குப் போயிருக்கான்ங்க."

"என் பையனும் காலேஜுதான்," என்றார் ஏட்டு, குழலைத் துடைத்துக்கொண்டே. இதை எதற்குச் சொல்கிறார் என்று பஞ்சாட்சரத்துக்கு விளங்கவில்லை. பூனை எலியை உருட்டி விளையாடுவதைப் பார்த்திருக்கிறார். அதுதான் நினைவுக்கு வந்தது.

தெருமுனையில் ஜீப் வந்து நின்றது. வரிசையாகக் கதவு தட்டும் சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. காப்பி கொண்டுவந்த கிருஷ்ணவேணி, புருஷன் முகத்தைப் பார்த்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

புதிதாக வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர், வாசலை மறித்த சைக்கிளைப் பார்த்து எட்டிப் பார்த்தார். "ஏட்டு, இங்க என்னய்யா பண்றீங்க?"

ஏட்டு குழலும் கையுமாக எழுந்து விறைத்தார். "ஈஸ்டருக்கு சர்ச்சுல வாசிக்கப் புல்லாங்குழல் கத்துக்கறேன் சார். இந்த வீட்ட நான் தினமும் பாத்துக்கினுதான் இருக்கேன்."

பஞ்சாட்சரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் ஈஸ்டரும் பாட்டும் வெறும் சாக்கு. இத்தனை நாளும் வீட்டுக்குள் உட்கார்ந்து வேவு பார்த்திருக்கிறார், பஞ்சாட்சரமே அவருக்கு உட்காரப் பலகை போட்டுக் காப்பி கொடுத்திருக்கிறார்.

"எங்க, ஒண்ணு வாசி பாக்கலாம்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

ஏட்டு குழலை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்தா குழிக்குள் இளங்கோவனுக்கு இருமல் வரவேண்டும்? கிருஷ்ணவேணி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆனால் அதே நொடியில் குழல் கிறீச்சென்று அலறியது. பக்கத்து வீட்டுத் தறிகூட நின்றுவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"போதும்யா. ஈஸ்டரன்னிக்கு சர்ச்சுல ஆளுங்க இருக்க வேணாமா?" சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜீப் கிளம்பி, சத்தம் தெருவைத் தாண்டும்வரை ஏட்டு வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். நேராகத் தறிக்குப் போய்க் குனிந்து, பாயின் ஓரத்தைத் தூக்கினார்.

"அவன் சின்னப் பையன் ஏட்டய்யா... என்னப் புடிச்சிக்கினு போங்க," என்று பஞ்சாட்சரம் அவர் காலில் விழுந்தார். கிருஷ்ணவேணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

ஏட்டு குழிக்குள் கையை விட்டு மண்ணைத் தொட்டுப் பார்த்தார். பாயைப் பழையபடி மூடிவிட்டு, அவள் பக்கம் திரும்பினார்.

"குழி ஈரமா இருக்குது, ரெண்டு கோணியாவது போடும்மா. அவன் இருமறப்பல்லாம் நான் எவ்ளோதான் ஊதறது?"