கடைசிக் கைதட்டல்

அறுபதுகளில் லண்டன் தொலைக்காட்சியில் வந்த பாப் இசை நிகழ்ச்சி அது. யோகமலரின் தங்கை அதில் பார்வையாளர் கூட்டத்தில் நின்று கைதட்டியிருந்தாள்; அந்த வருடமே இறந்துபோனாள். நிலையத்தார் நாடாவை அழித்து அதன்மேல் கால்பந்தாட்டத்தைப் பதிந்தார்கள். தொலைந்த நிகழ்ச்சிகளைத் தேடித் திரியும் சேந்தனுக்குக் கிடைத்தது, யாரோ வீட்டில் டிவி முன் மைக் வைத்துப் பிடித்த ஒலி மட்டும்தான்.

"பாட்டு வேண்டாம் தம்பி. கைதட்டலை மட்டும் போடுங்கோ," என்றார் அதைக் கேட்க வந்திருந்த யோகமலர்.

எல்லாரும் ஓய்ந்த பிறகும் ஒரு சோடிக் கைகள் தட்டிக்கொண்டிருந்தன.

"அவள்தான்! எப்பவும் கடைசியாத்தான் நிப்பாட்டுவாள்."

அடுத்த நொடியில், மைக்குக்குப் பக்கத்திலேயே, கைதட்டிய அந்த வீட்டுக் குழந்தை சிரிக்கும் என்று முன்பே கேட்டிருந்த சேந்தனுக்குத் தெரியும். அவன் அவசரமாக நாடாவை நிறுத்தினான்.

"ஏன் நிப்பாட்டினீங்கள்? விடுங்கோ தம்பி. தட்டி முடிய அவள் சிரிப்பாள்."